சனிக்கிழமைக் கட்டுகள் திரும்பி வந்த கதை

நேற்று உங்கள் வானொலி நிலையத்திலிருந்து ஒருவர் என் வீட்டுக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். உள்ளூர்ச் செய்தியை யாரும் கேட்பதில்லை, அந்த நேரத்தில் பாட்டுப் போட்டால் விளம்பரம் கூடும் என்று அதில் யாரோ அழகாகக் கோடு கிழித்து எழுதியிருந்தார்கள். "ஐயா, நீங்க அனுபவசாலி. இதுல சொல்றது சரியான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பெரியவருக்கு வயதாகிவிட்டது என்ற முகத்தோடு அவர் எழுந்து போய்விட்டார்.

வயதானதால் குழம்பவில்லை, ஐயா. இருபத்தெட்டு வயதில் இதே மாதிரி ஒரு வழக்கை என் கையில் கொடுத்தார்கள். அப்போது நான் குழம்பவே இல்லை. மூன்றே நாளில் அழகாக அறிக்கை எழுதிக் கொடுத்தேன். குழப்பமெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான், இன்னும் தீரவில்லை. அதைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு உங்கள் தாளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் விலை விழுந்து, மெல்ல எழுந்துகொண்டிருந்த முப்பதுகள். ஜொகூர் பாருவில் நான் துணையாசிரியராக இருந்த தமிழ்ப் பத்திரிகை வாரம் இரண்டு முறை வரும். புதன்கிழமை ஊர் உலகச் செய்தி. சனிக்கிழமை இதழில் மட்டும் தோட்டச் செய்திக்கு ஒரு முழுப் பக்கம். எந்தத் தொழிலாளர் லயத்தில் யார் இறந்தார், எந்தத் தோட்டத்தில் திருவிழா, எந்தக் கிணற்றில் தண்ணீர் நாறுகிறது, கப்பலில் கூட வந்த தம்பியை யார் தேடுகிறார் என்று அதில் வரும். அந்தப் பக்கத்தை ஒரே ஆள் செய்தார். பெயர் மரியதாஸ். ஸ்கூடாய், செனாய், குளாய் என்று சைக்கிளிலேயே சுற்றுவார். வெயிலில் கறுத்து, வியர்வை நாற்றத்தோடு வந்து என் மேசைமேல் உட்காருவார். மேசைமேல் உட்காராதே என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். கேட்கமாட்டார்.

முதலாளிக்கு ஒரு கூட்டாளி வந்து சேர்ந்தார், ஜவுளி வியாபாரி. அவர் ஒரு நாள் வந்து உட்கார்ந்து, வாதத்தை எடுத்து வைத்தார். சனிக்கிழமை இதழ் தோட்டங்களிலிருந்து கட்டுக் கட்டாகத் திரும்பி வருகிறது, புதன்கிழமை இதழ் அப்படி வருவதில்லை. ஆகவே தோட்டத்துக்காரனுக்கே தோட்டச் செய்தி வேண்டாம். அந்தப் பக்கத்தில் சிங்கப்பூர் ஜவுளிக்கடை விளம்பரமும் சினிமாப் படமும் போடலாம். பக்கம் போனால் மரியதாஸுக்கு இங்கே வேலை இல்லை. அதையும் அவர் ஒளிக்காமல் சொன்னார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நீ படிச்சவன்லா. அவர் சொல்றது மெய்யா பொய்யான்னு பாத்து எழுதிக் கொடு. நீ எழுதுறபடி செய்றேன்" என்றார். எனக்கு ஒரே பெருமை. ஒரு மனிதனின் சோற்றை என் பேனாவில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார் என்பது உறைக்கவே இல்லை.

முதலில் கிடங்குக்குப் போய்க் கட்டுகளைப் பார்த்தேன். கூட்டாளி சொன்னது மெய்தான். அதிலும் அதிகமாகத் திரும்பியவை செனாய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவை. எங்களிடம் அதிகப் பிரதி வாங்கியதும் அந்தத் தோட்டம்தான். கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது. கயிற்றைக்கூட அவிழ்க்காமல் திருப்பியிருக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன். அதோடு அந்தத் தோட்டத்துக் கிராணியிடமிருந்து, அதாவது அலுவலக எழுத்தரிடமிருந்து, ஆங்கிலத்தில் தட்டச்சடித்த கடிதம் ஒன்றும் வந்திருந்தது. இங்கே சனிக்கிழமை இதழை ஒருவரும் படிப்பதில்லை, அனுப்ப வேண்டாம் என்று இரண்டே வரி. கீழே கையெழுத்து.

அடுத்து மரியதாஸின் மேசை இழுப்பறையைத் திறக்கச் சொன்னேன். தோட்டத்திலிருந்து மக்கள் எழுதிய கடிதங்கள் கத்தை கத்தையாக இருந்தன. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று எனக்கே முதலில் மனம் இளகியது. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். செனாய்த் தோட்டத்துக் கடிதங்கள் எல்லாமே ஒரே கையெழுத்து! முனியம்மா தம்பியைத் தேடுவதும் அதே கை, வீராசாமி மகள் கல்யாணமும் அதே கை. ஒரே பேனா, ஒரே மாதிரித் தாள்.

"தாஸ், இதெல்லாம் யார் எழுதுறது?" என்றேன்.

அவர் முகம் மாறியது. "ஏன் கேக்குறீங்க?"

"எல்லாம் ஒரு கையா இருக்கே."

"எழுதத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர்தான் இருப்பாரு. அந்த ஒருத்தர் எல்லாருக்கும் எழுதுறாரு. அதுல என்ன?"

"அந்த ஒருத்தர் பேரைச் சொல்லு. நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"சொல்ல மாட்டேண்ணே."

"நீயே எழுதிக்கிறியா?"

கேட்டுவிட்டேன். அவர் மேசையை விட்டு இறங்கினார். "ஒங்களுக்கு அப்படித் தோணுச்சுன்னா அப்படியே எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கோபம் வந்தால் குற்றவாளி என்று அப்போது எனக்கு ஒரு கணக்கு இருந்தது.

ஆனாலும் நான் நியாயஸ்தன் அல்லவா? நேரில் போய் விசாரிக்காமல் எழுதக்கூடாது என்று அடுத்த நாள் பஸ் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். கால்சட்டை, காலில் சப்பாத்து, தலையில் தொப்பி. கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு, ஒல்லியான உருவம், மரியாதையான பேச்சு.

"வாரும் தம்பி, இரும். தேத்தண்ணி குடிப்பீரோ?" என்று உபசரித்தார். விஷயத்தைச் சொன்னேன். மேசையிலிருந்த பென்சிலை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உருட்டினார். "நான் எழுதினதுதான் சரி. இஞ்சை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. வேணுமெண்டால் லயத்திலை போய்க் கேட்டுப் பாரும். நானும் கூட வாறன்" என்றார்.

போனோம். முதல் வீட்டில் ஒரு பெண் ரப்பர்ப் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். பத்திரிகை படிப்பதுண்டா என்று கேட்டேன். "எங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்க. பேப்பரு பாத்ததில்லைங்க" என்றார். அடுத்த வீட்டில் ஓர் ஆள் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். "எங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்க. பேப்பரு பாத்ததில்லைங்க." மூன்றாவது வீடு, நான்காவது வீடு, கடைசி வீடு வரை இதே பதில். ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. முனியம்மா யார் என்று கேட்டேன். முனியம்மாவே வந்தார். தம்பியைத் தேடிக் கடிதம் எழுதினீர்களா என்றதற்கு, கிராணியின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இல்லீங்களே" என்றார்.

அப்புறம் என்ன! திரும்பும் பஸ்ஸிலேயே அறிக்கையை மனத்துக்குள் எழுதி முடித்துவிட்டேன். கட்டுகள் பிரிக்கப்படாமல் திரும்புகின்றன, பொறுப்பான ஓர் உத்தியோகஸ்தர் கையெழுத்திட்டுச் சொல்கிறார், மக்களே வாயால் மறுக்கிறார்கள், கடிதங்களோ ஒரே கையால் எழுதப்பட்டவை, கேட்டால் மரியதாஸ் ஆதாரம் காட்ட மறுக்கிறார். எவ்வளவு கச்சிதம் பாருங்கள். முதலாளி படித்தார். மரியதாஸைக் கூப்பிட்டு அறிக்கையைக் கையில் கொடுத்தார். அவர் நின்றபடியே முழுக்கப் படித்தார். மடித்து மேசையில் வைத்துவிட்டு, "யாருன்னு என்னால சொல்ல முடியாதுங்க, மொதலாளி. ஆனா கடிதமெல்லாம் மெய்" என்றார். அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை தோட்டப் பக்கத்தில் பட்டுச் சேலை விளம்பரம் வந்தது.

இரண்டு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அச்சகத்தில் நான் தனியாக இருந்தேன். வாசலில் அந்தக் கிராணி நின்றார். உள்ளே வரவும் மாட்டேன் என்கிறார், போகவும் மாட்டேன் என்கிறார். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"தம்பி, அந்தப் பக்கம் ஏன் நிண்டு போச்சு?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்கதானே வேண்டாம்னு எழுதினீங்க?"

"அது தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பக்கத்திலை நிண்டு சொல்லச் சொல்ல நான் அடிச்ச கடிதம். கிணத்துத் தண்ணிச் சங்கதி உங்கடை பேப்பரிலை வந்த நாள் துடக்கம் சனிக்கிழமைப் பேப்பரை லயத்துக்கு விடக்கூடாதெண்டு அவரின்ரை உத்தரவு. கட்டை அப்பிடியே திருப்பி அனுப்பச் சொன்னார். நான் ஒண்டை உருவி வைச்சுப்போட்டு, முந்திக் கட்டின மாதிரியே கட்டி அனுப்புவன். ஞாயிறு பின்னேரம் கோயிலுக்குப் பின்னாலை இருந்து வாசிப்பன். முழு லயமும் வரும்."

"அப்ப அந்தக் கடிதங்கள்?"

"நான்தான் எழுதினனான். அதுகள் சொல்லும், நான் எழுதுவன்."

"நான் வந்து கேட்டப்ப எல்லாரும் பேப்பரே பாத்ததில்லைன்னு சொன்னாங்களே ஐயா!"

"ஆர் வந்து கேட்டாலும் அப்பிடித்தான் சொல்ல வேணுமெண்டு நான் சொல்லிக் குடுத்தனான். நீர் தொப்பியும் சப்பாத்துமா வந்து நிண்டீர். துரையின்ரை ஆளோ எண்டு பயந்துபோனம்." அவர் கண் கலங்கியிருந்தது. "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். வெளியிலை தெரிஞ்சால் என்ரை வேலை போகும். இருக்கிற வீடு தோட்டத்து வீடு. பிள்ளையள் நாலு. ஆனா நான் எழுதி எழுதிப் போடுறன், ஒண்டும் வரேல்லையே எண்டு மனம் கேக்கேல்லை. அதுதான் வந்தனான்."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அதனால்தான் இன்றும் அவர் பெயரை உங்களிடம் சொல்லவில்லை.

அவர் போனதும் கிடங்குக்கு ஓடினேன். செனாய்க் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து எண்ணினேன். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி குறைந்தது. அட மடையா, கயிற்றைப் பார்த்தாயே, தாளை எண்ணினாயா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதைவிட வேறொன்று இன்னும் சுட்டது. கடிதமெல்லாம் ஒரே கையாக இருந்ததைக் கண்டதும் பொய் என்று முடிவு கட்டினேன். லயத்தில் எல்லா வாயிலிருந்தும் ஒரே பதில், எழுத்துப் பிசகாமல் வந்தது. அதை மட்டும் மெய் என்று எப்படி நம்பினேன்? எனக்கு வசதியாக இருந்தது, நம்பினேன். வேறு காரணம் இல்லை.

மறுநாள் காலையில் முதலாளி முன்னால் நின்று, "என் அறிக்கை தப்புங்க. பக்கத்தைத் திரும்பப் போடணும், தாஸைக் கூப்பிடணும்" என்றேன்.

"அலமாக்! என்ன ஆதாரம்?"

"கட்டுல ஒரு பிரதி குறையுதுங்க."

"அப்படின்னா ஒரு ஆள் படிக்கிறான்னு அர்த்தம். ஒரு ஆளுக்காக ஒரு பக்கமா? யாரு எடுக்கிறது அதை?"

"சொல்ல முடியாதுங்க."

முதலாளி மேசை இழுப்பறையைத் திறந்து என் அறிக்கையை எடுத்தார். விரலை வைத்து ஒரு வரியைக் காட்டினார். கேட்டால் ஆதாரம் காட்ட மறுக்கிறார் என்று நான் மரியதாஸைப் பற்றி எழுதியிருந்த வரி. "இது உன் எழுத்துத்தானே? அவனுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?" என்றார். சொன்னால் கிராணி குடும்பத்தோடு தெருவில் நிற்பார். சொல்லாவிட்டால் தாஸ் ஏற்கெனவே தெருவில் நிற்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் வீட்டு அடுப்பை நான் அணைக்க வேண்டும். அன்று முழுக்க ஒரு வரி கூடத் திருத்த ஓடவில்லை எனக்கு.

மரியதாஸ் ஸ்கூடாயில் அன்னாசியை டப்பாவில் அடைக்கும் கொட்டகையில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். வாசலில் குந்தியிருந்தார். அன்னாசிச் சாறு பட்டு விரலெல்லாம் வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"கடிதமெல்லாம் மெய்தான் தாஸ். எழுதின ஆளே வந்து சொல்லிட்டார். நான்தான் கெடுத்துட்டேன். மன்னிச்சிரு."

அவர் நிமிர்ந்தார். "யாருண்ணே எழுதுனது?"

"என்ன, உனக்குத் தெரியாதா?"

"தெரியாது. செனாய்ச் சந்தைக்குப் பின்னால பாழடஞ்ச கொட்டாயில ஒரு பிஸ்கட் டின்னு இருக்கு. கடிதம் அதுல கெடக்கும், எடுத்துட்டு வருவேன். யாரு போடுறாங்கன்னு நான் பாத்ததில்ல. பாக்கவும் நெனைக்கல."

"பின்ன ஏன் அன்னைக்குத் தெரியாதுன்னு சொல்லல?"

"டின்னுல இருந்து எடுக்குறேன்னு சொல்லியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்களா? நம்பாம, டின்னுக்குக் காவல் போட்டிருப்பீங்க. அந்த ஆளு ஆப்ட்டிருப்பாரு." கையை வேட்டியில் துடைத்தார். "இப்பச் சொல்லுங்கண்ணே. அந்த ஆளுக்காகத்தான் வேல போச்சு. யாருன்னு நானாவது தெரிஞ்சுக்கிறேன்."

நியாயமான கேள்வி. உலகத்தில் வேறு யாருக்கு இல்லாவிட்டாலும் அவருக்கு அந்தப் பெயரைக் கேட்கும் உரிமை உண்டு. வாய் வரை வந்தது. சத்தியம் செய்திருந்தேன்.

"சொல்ல முடியாது தாஸ்."

அவர் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. "நல்லவரா?" என்றார்.

"நல்லவர்."

"அப்பச் சரி." மணி அடித்தது. உள்ளே போக எழுந்தவர் நின்றார். "அண்ணே, அந்த டின்ன யாராச்சும் போய்ப் பாத்தாங்களா? கொட்டாய்க் கூரை ஓட்டை. மழையின்னா தண்ணி எறங்கும்."

யாரும் பார்க்கவில்லை. அங்கிருந்து நேரே செனாய்க்குப் போனேன். டின் வாய்வரை நிறைந்து, மூடி தூக்கிக்கொண்டு நின்றது. அள்ளிக்கொண்டு வந்து முதலாளி மேசைமேல் கொட்டினேன். கடிதமே எழுதவில்லை என்று என்னிடம் சொன்ன முனியம்மாவின் கடிதம் ஒன்றும் அதில் இருந்தது. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார். "தாஸ் போய் ரெண்டு மாசம் ஆச்சு. இந்தக் கடிதத்துல போன வாரச் சாவு இருக்கு" என்றார். அதற்கு மேல் என்னிடம் பெயர் கேட்கவில்லை. கூட்டாளி கோபத்தில் குதித்தார். பட்டுச் சேலை விளம்பரம் வேறு பக்கத்துக்குப் போனது. மற்றத் தோட்டங்களில் படிக்காமல்தான் திருப்பினார்களோ, அங்கேயும் ஒரு துரை இருந்தாரோ, அது எனக்கு இன்றுவரை தெரியாது. கூட்டாளி பாதி சரியாகவே சொல்லியிருக்கலாம். மரியதாஸைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினோம். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பக்கத்தை நானே செய்தேன்.

டின்னில் மேலாக இருந்த நான்கு கடிதங்கள் நனைந்து மை கரைந்திருந்தன. யாரோ இறந்திருக்கிறார், யாரோ யாரையோ தேடுகிறார் என்பது வரை தெரிந்தது. பெயர்கள் போயிருந்தன. கடிதம் நனைந்துவிட்டது, தயவுசெய்து மறுபடி எழுதுங்கள் என்று முதல் சனிக்கிழமையே பெரிய எழுத்தில் போட்டேன். தொடர்ந்து பல வாரம் போட்டேன்.

மூன்று பேர் எழுதினார்கள்.